பாத்துக் குடுங்க

என் மகன் பிறந்த அன்று நடந்ததை மைனி ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியிருப்பாள். எங்கள் லைன் வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்கள், ரேஷன் கடையில் முன்னால் நிற்கிறவர்கள், யாரும் தப்பியதில்லை. மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்களுக்குத் தென்காசிப் பக்கம். பிழைக்கத் திருப்பூர் வந்தவர்கள். கேட்கிறவர்கள் நழுவப் பார்த்தாலும் மைனி விடமாட்டாள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

"பால்மாவக் கரைச்சு நர்ஸ் பிள்ள எங்கையில குடுத்துட்டுப் போயிட்டு. எனக்கு என்னமோ மனசு கேக்கல. ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். ஏ யம்மா, பாயாசம் தோத்துரும். அப்படி ஒரு இனிப்பு! சுகர் உள்ள பிள்ளைக்கு இதக் குடுத்தா என்னத்துக்கு ஆகும்? ஒருத்தருக்கும் தெரியாம கொண்டுபோய் ஊத்திட்டேன். வெந்நிய ஆத்தி, அதத்தான் குடுத்தேன். நா மட்டும் பாக்கலன்னா பிள்ள அன்னைக்கே போயிருக்கும்."

கேட்கிறவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொள்வார்கள். உங்க புண்ணியந்தானுங்க என்பார்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வருடம்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியன்களை மேசையில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து ஒதுக்க வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். வாயும் அப்படித்தான் என்று வீட்டுக்காரர் சொல்வார். அவர் துணி பின்னுகிற நிட்டிங்கில் மெஷின் ஓட்டுகிறார். மெஷின் சத்தத்திலேயே நின்று நின்று பேச்சே மறந்துபோன மனிதர். அவரிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் ஒரு வேளை சோறு வெந்துவிடும்.

கல்யாணமாகி நாலு வருடம் கழித்து வயிற்றில் தங்கியது. ஐந்தாம் மாதம் முடியும்போது வெறும் வயிற்றில் வரச்சொல்லி, குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, ரத்தம் எடுத்தார்கள். சுகர் என்றார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதலாளிகளுக்கு வர வேண்டிய வியாதி செக்கிங் மேசையைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறதே என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பேக்கரி டீயையும் தேங்காய் பன்னையும் நிறுத்தினேன். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என்ன சாப்பிடக்கூடாது என்பதை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொன்னார்கள். அரிசியைக் குறை, கிழங்கைத் தொடாதே, பழச்சாறு வேண்டாம், நட. இன்சுலின் போட்டுக்கொள்ளவும் காட்டித்தந்தார்கள். என் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் உள்ளே இருக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. டாக்டர் அறைக்குள் போனால் வெளியே நிற்கிற கூட்டம்தான் முதுகில் உறைக்கும். மடியில் மாத்திரைச் சீட்டு விழுந்ததும் எழுந்து வந்துவிடுவோம்.

ஆர்டர் நெருக்கடி வேறு. எங்கள் ஊரில் வேலையை நாளாகக் கணக்குப் பார்ப்பதில்லை, ஷிப்டாகப் பார்ப்பார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வந்தால் ஒரு ஷிப்ட். இருட்டின பிறகும் நின்று வேலை பார்த்தால் ஒன்றரை. ஏழாம் மாதம் வரைக்கும் நான் ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு ஊசி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதெல்லாம் அந்த அரை ஷிப்டில்தான் அடிபட்டுப்போகும்.

சுகர் என்ற சொல்லைக் கேட்டு என்னைவிட அதிகமாகப் பயந்தவள் மைனி. அவள் வீட்டுக்காரரைச் சுகர்தான் கொண்டுபோனது. முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும், பிறகு ஆள். அந்த மனிதர் ஒளித்துவைத்துத் தின்ற மிட்டாயையும் அல்வாவையும் தேடிப்பிடித்துக் குப்பையில் போடுவதிலேயே மைனியின் வயது போயிருந்தது. அவர் போன பிறகு பள்ளிக்கூடம் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை சுகர் என்றால் ஒன்றே ஒன்றுதான்: இனிப்பு ஆளைக் கொல்லும். என் தட்டைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். ராத்திரி சப்பாத்தி உருட்டி வைத்துக்கொண்டு நான் வருகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருப்பாள். பெற்ற அம்மாகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. இதை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சொல்வதைப் படித்துவிட்டு அவளைத் தப்பாக நினைப்பீர்கள்.

எட்டாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு கூடுதலாக இருக்கிறது என்று டாக்டரம்மா முகத்தைச் சுளித்தார். நாங்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தோம். பிள்ளை பெரிசு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மைனி அன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, குண்டுப் பயல் வருகிறான் என்று சொல்லிவிட்டாள்.

ஆப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நாலு கிலோவுக்கும் மேலே. கன்னம் இரண்டும் உப்பி, கைகால் மடிப்பு மடிப்பாக, பிறந்ததும் ஆறு மாதப் பிள்ளை மாதிரி இருந்தானாம். பக்கத்து அறைக்காரர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். எல்லாம் "ஆம்" போட்டுத்தான் சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் அங்கே இல்லை. எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வேறு ஓர் அறையில் ஏதேதோ குழாய்களோடு மறுநாள் வரைக்கும் கிடந்தேன். வீட்டுக்காரர் ரத்தம் ஏற்பாடு செய்ய அலைந்துகொண்டிருந்தார். பிள்ளை மைனியின் கையில் இருந்தான்.

அந்தப் பகலில் நடந்ததை மைனி எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். எனக்கு அது என் கண்ணால் பார்த்தது போலவே இருக்கிறது. குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போது சரியாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு ஒரு நர்ஸ் பெண் கரைத்த பாலையும் ஊட்டுகிற பாலாடையையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இந்த ஊர்ப் பெண். அவள் சொன்னதை மைனி அவள் குரலிலேயே நடித்துக் காட்டுவாள்.

"அக்கா, இது சுகர் பாப்பாங்க. பால் பாத்துக் குடுங்க."

அவ்வளவுதான். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல் தப்பில்லை. சுகர் பாப்பா என்றால் சுகர் உள்ள அம்மாவுக்குப் பிறந்த பாப்பா. அது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. பார்த்துக் கொடுங்கள் என்றால் நேரம் பார்த்து, விடாமல் கொடுங்கள். மைனிக்குக் காதில் விழுந்தது வேறு. பாப்பாவுக்கும் சுகர் வந்துவிட்டது. பாலைப் பார்த்து, அளந்து, யோசித்துக் கொடுக்க வேண்டும். அவள் புருஷனுக்கு அத்தனை வருடம் டாக்டர்கள் சொன்னதும் அதேதானே, "பாத்துச் சாப்பிடுங்க" என்று. அதே சுகர், அதே பாத்து.

அவள் நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்தது. ஊற்றிவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் வந்து, "குடிச்சானுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "குடிச்சான்" என்று மைனி சொல்லியிருக்கிறாள். வெந்நீரைக் குடித்தான்தானே. யாரும் பொய் சொல்லவில்லை. மறுபடி குதிகாலில் குத்த வந்தபோது பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். இப்பத்தான் தூங்குறான், பச்சப்பிள்ளைய எத்தனை தடவை குத்துவீங்க, பெறவு வாங்க என்று மைனி கெஞ்சியிருக்கிறாள். டூட்டி மாறுகிற நேரம். பிறகு யாரும் வரவில்லை.

பிள்ளை அழவே இல்லை. இப்படி ஒரு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததில்லை என்று மைனி பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமைப்பட்டிருக்கிறாள். சாயங்காலம் கைகால் லேசாக உதறியது. குளிருகிறது என்று, கம்பெனியிலிருந்து நான் சேர்த்துவைத்திருந்த மெத்தென்ற பனியன் துணிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். விடிகிற நேரத்தில் பிள்ளைக்கு வலிப்பு வந்தது.

எனக்கு நினைவு திரும்பி நான் அவனை முதலில் பார்த்தபோது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அவ்வளவு பெரிய பிள்ளை, அந்த அறையிலேயே பெரிய பிள்ளை, மற்றதெல்லாம் அணில் குஞ்சு மாதிரி கிடக்க, இவன் மட்டும் பெட்டியை அடைத்துக்கொண்டு கிடந்தான். இவனுக்கு என்ன குறை என்றுதான் பார்க்கிற யாருக்கும் தோன்றும்.

குறை பிறகு தெரிந்தது. முகத்துக்கு நேரே கிலுகிலுப்பையை ஆட்டினால் சத்தம் வருகிற பக்கம் தலை திரும்பும், கண் திரும்பாது. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை, கண் அனுப்புவதை மூளை வாங்கவில்லை என்றார்கள். வலிப்பு நிற்கவில்லை. உட்காரவே மூன்று வயதானது. பேச்சு வரவில்லை. பிறந்தவுடன் சுகரால் மூளை பாதித்துவிட்டது என்று, சீட்டில் இங்கிலீஷில் எழுதித்தந்ததைத் தெரிந்த ஒருவர் எங்களுக்குப் படித்துச் சொன்னார். சுகரால். அதைக் கேட்டு எங்கள் சாதிசனம் மொத்தமும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது. இவளுக்கு வந்த சுகர் பிள்ளையைத் தின்றுவிட்டது. வாயைக் கட்டியிருந்தால் இப்படி ஆகுமா? ஒரு கல்யாண வீட்டில் என் இலையில் லட்டு வைத்த ஒரு கிழவரிடம் பக்கத்து இலைக்காரி ஒருத்தி, அவளுக்கு வைக்காதீக, தின்னதுக்குத்தான் அனுபவிக்கா, என்றாள். சண்டைக்குப் போனது மைனிதான். எச்சில் கையோடு எழுந்துபோய் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள்.

நான் வேலைக்குப் போனால்தான் அவனுக்கு மருந்து. ஆகவே பிள்ளையை வளர்த்தது மைனி. குளிப்பாட்டுவது, கைகால் நீவிவிடுவது, வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, எல்லாம் அவள். சோறு மட்டும் அவன் வேறு யார் கையாலும் வாங்கமாட்டான். குழைத்த சோற்றுக் கிண்ணத்தில் மைனி தன் கை வளையலை இரண்டு தடவை தட்டுவாள். அவன் கழுத்தை நிமிர்த்தி வாயைத் திறப்பான். உருண்டை போவதற்கு முன் அவள் விரலை ஒருமுறை முகர்ந்துகொள்வான். நான் கொடுத்தால் வாய் மூடிக்கொள்ளும். பெற்றவள் நான்தானடா என்று சில நாள் கத்தியிருக்கிறேன். ஊட்டுகிற ஒவ்வொரு வாயையும் மைனி முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

அவனுக்கு ஆறு வயது நடக்கும்போது மாத்திரைக்கு வலிப்பு அடங்காமல், கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயதுக்காரர். அன்றைக்கு அவரிடம் கூட்டம் குறைவு. பிள்ளைக்குப் பசி வந்துவிட்டதால் மைனி அவனை வெளியே பெஞ்சில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மூளைப் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் யாரும் இதுவரை கேட்காததைக் கேட்டார்.

"பொறந்த முதல் நாள் நல்லா பால் குடிச்சானாம்மா?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பதில் தெரிந்த கேள்வியாயிற்றே. மைனி சொல்கிற அதே ஏற்ற இறக்கத்தோடு, பாயாசம் தோற்றுவிடும் என்பது வரைக்கும் சொன்னேன். அவங்கதான் என் பிள்ளையக் காப்பாத்துனாங்க டாக்டர், வெளியதான் இருக்காங்க, என்று கதவைக்கூடக் காட்டினேன்.

 டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன். தாயின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். தாய் போட்டுக்கொள்கிற இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைப் பிள்ளையேதான் சமாளிக்க வேண்டும். கடுகளவு கணையம் அதற்காக இன்சுலினைச் சுரக்கும். கூட வர வரக் கூடச் சுரக்கும். அத்தனை சர்க்கரையும் கொழுப்பாக உடம்பில் ஏறும். நாங்கள் கொண்டாடிய கன்னமும் மடிப்பும் அதுதான். கொடியை வெட்டியதும் வரத்து நின்றுபோகும். ஆனால் நின்றுவிட்டது என்பது பிள்ளையின் உடம்புக்கு உடனே தெரியாது. பழகின பழக்கத்தில் இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் மிச்சமிருக்கிற சர்க்கரையும் தீர்ந்துபோகும். மூளை உயிரோடிருக்க அந்தச் சர்க்கரைதான் வேண்டும்.

"சுகர் பாப்பான்னா சுகர் வியாதி வந்த பாப்பா இல்லம்மா. சுகர் இல்லாம போயிடற பாப்பா. அந்த நேரத்துல அவனுக்குத் தேவைப்பட்டது அந்தப் பால்தான்."

ஒன்றரை ஷிப்ட் என்றுதான் எனக்கு முதலில் ஓடியது. நான் மேசையில் நின்று பார்த்த அதே ஒன்றரை ஷிப்டை என் பிள்ளையும் உள்ளே பார்த்திருக்கிறான். வீட்டுக்காரரின் மெஷினில் நூல் தீர்ந்த பிறகும் ஓட்டம் நிற்காவிட்டால், பின்னிய துணி ஊசியிலிருந்து மொத்தமாகக் கழன்று கீழே விழுந்துவிடும். மறுபடி கோத்து ஏற்றலாம். துணியில் முடியும்.

வெளியே வந்தேன். மைனி அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி சொன்னாவ?"

"மாத்திரைய மாத்தியிருக்காவ மைனி."

"அதுக்கா இம்புட்டு நேரம்?" என்று அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். திருப்பூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் மடியில்தான் தூங்கினான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வாயே திறக்காத மனிதர் அன்றைக்குத் திறந்தார். "அக்காட்ட சொல்லாத. செத்துரும்" என்றார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சொல்லவில்லை. ஆனால் மைனியை வெறுத்தேன். அதை மறைக்க எனக்கு இப்போது தெம்பில்லை. குழாயடியில் அவள் அந்தக் கதையை ஆரம்பித்தால் குடம் நிறைகிறதா என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். பாயாசம் தோத்துரும் என்ற இடம் வருவதற்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் பழியைத் துடைத்துக்கொள்ள ஒரு வார்த்தை போதும், அந்த வார்த்தை என் வாயில் இருக்கிறது, அதை விழுங்கிக்கொண்டு கல்யாண வீடுகளில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று மனசு கொதிக்கும். வீட்டுக்கு வந்தால் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவன் கிடப்பான். ஒருத்தியை முழு மூச்சாக வெறுக்கவும் நேரம் வேண்டுமே. காலையில் எட்டரைக்கு நான் மேசையில் நிற்க வேண்டும்.

அந்த நர்ஸ் பெண்ணையும் திட்டித் தீர்த்திருக்கிறேன். பால் குடு, நிறுத்தாதே, குடிக்காவிட்டால் என்னைக் கூப்பிடு என்று சொல்ல அவளுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அவளுக்கு எத்தனை கட்டிலோ. அவள் இந்நேரம் எங்கோ, யாரிடமோ, அதே 'பாத்துக் குடுங்க'வைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பேன். போன வருடம் மைனியின் மகளுக்கு வயிற்றில் ஏழு மாதம். குன்னத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த ஞாயிற்றுக்கிழமை, கைநிறைய வளையலோடு உட்கார்ந்துகொண்டு அவள் சாதாரணமாகச் சொன்னாள், எனக்கும் சுகர் இருக்குதாம் அத்தை என்று.

மைனி பதறவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. அவள் தயாராக இருந்தாள்.

"நீ ஒண்ணுத்துக்கும் பயப்படாத தாயி. ஒன் அத்தைக்குப் பாத்தவ ஒனக்குப் பாக்க மாட்டேனா? இந்தத் தடவ பால்மாவு வாசப்படி தாண்டாது. பொறந்த அன்னைக்கி வெந்நி மட்டுந்தான். ஒன் பாலும் ஒரு நா போவட்டும், அதுலயும் சுகர் எறங்கும். போன தடவ நா கொஞ்சம் தாமதிச்சிட்டேன். அதுக்கு முன்னாலேயே என்னத்தையோ ஒரு சொட்டு குடுத்திருப்பாவ, அதான் நம்ம பிள்ளைக்கு இப்படி ஆயிட்டு."

மகள் தலையாட்டினாள். நான் அவளை மட்டும் மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிப் பார்த்தேன். பிறந்ததும் பால் கொடுக்கணும், டாக்டர் சொன்னாங்க, அம்மா பேச்சைக் கேட்காதே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஒங்க பிள்ளையக் காப்பாத்துனதே அம்மாதான அத்தை?"

அந்தக் கதையை ஆறு வருடம் தலையாட்டி ஆமோதித்தவள் நான்தானே. அவள் யாரை நம்புவாள்?

மைனி அடுப்படியில் அவனுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கோபமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே, கொடி, சர்க்கரை, நின்றுபோன வரத்து என்று, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் சோற்றைக் குழைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பாலு இனிச்சிச்சே" என்றாள்.

"இனிக்கத்தான் செய்யும் மைனி. அந்த இனிப்புத்தான் அவனுக்கு வேணும்னு இருந்துச்சு."

"அந்த நர்ஸ் பிள்ள பாத்துக் குடுங்கன்னு சொன்னிச்சே."

"நேரம் பாத்துக் குடுக்கச் சொல்லியிருக்கு."

சோறு குழைத்த கை கிண்ணத்திலேயே நின்றது.

"நா பாத்துத்தான குடுத்தேன்" என்றாள். பிறகு கையைக் கழுவினாள். கழுவின கையை மறுபடி கழுவினாள்.

என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வருடம் தெரிந்துவைத்துக்கொண்டா சும்மா இருந்தே என்று அறைந்திருக்கலாம். மாரில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால்கூட நான் பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் மகளைக் கூப்பிட்டு, "அத்தை சொல்லுத மாதிரி செய்யி. நா ஒண்ணும் தெரியாதவ" என்று மட்டும் சொன்னாள். அன்றோடு குழாயடிக் கதை நின்றது. புதிதாகக் குடிவந்த பீகார்க்காரப் பெண் ஒருத்தி அவனைக் காட்டி என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டபோது, கேட்காதவள்போல உள்ளே போய்விட்டாள்.

மைனிக்குப் பேத்தி பிறந்தாள். இவளும் குண்டுதான். பிறந்த கொஞ்ச நேரத்தில் நான் முன்னால் நின்று பால் குடிக்கவைத்தேன். ஒவ்வொரு தடவை குதிகாலில் குத்தும்போதும் வீறிட்டு அழுதாள்.  என் பிள்ளையும் இப்படி அழுதிருக்க வேண்டும். ஒரு தடவை சர்க்கரை குறைந்தது, உடனே கூடுதலாகப் பால் கொடுத்தார்கள், ஏறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பாலாடைப் பால்தான். மைனி ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுக்கப் போனபோது முந்தானையால் கையை மூடிக்கொண்டாள்.

பேத்திக்கு இப்போது ஒன்றும் குறையில்லை. பார்க்கிறாள், சிரிக்கிறாள், மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறாள்.

மைனி என் மகனைக் குளிப்பாட்டுகிறாள், தூக்குகிறாள், கைகால் நீவிவிடுகிறாள். சோறு மட்டும் ஊட்டுவதில்லை. "எங்கையில வேண்டாம் தாயி, நீயே குடு" என்கிறாள். எவ்வளவு கெஞ்சினாலும் அதே பதில்தான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் கம்பெனியிலிருந்து ஓடி வருகிறேன். அவள் கழற்றிக் கொடுத்த வளையலை என் கையில் மாட்டிக்கொண்டு கிண்ணத்தில் இரண்டு தடவை தட்டுகிறேன். அவன் கழுத்தை நிமிர்த்தி வாயைத் திறக்கிறான். என் விரலை முகர்கிறான். மூடிக்கொள்கிறான்.

விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. கன்னம் ஒட்டிவிட்டது. நேற்றும் அப்படித்தான், வாயை மூடிக்கொண்டு, மூக்கை மட்டும் இங்கும் அங்கும் திருப்பித் தேடினான். வாசல்படியில் மைனி நின்றிருந்தாள். அவள் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் திரும்பி, வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டான்.

"மைனி, பிள்ளை பசியில கெடக்கான்" என்றேன்.

அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.